கஞ்சியில் நட்டு நகர்ந்த விதம்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையில் நாலு தகரம் காற்றில் பறந்து போனபோது மேலிடத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினோம். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. கழிவறைக்குத் தண்ணீர் இல்லையென்று எழுதினோம். கை கழுவுவதன் நன்மைகள் பற்றி ஒரு சுவரொட்டி அனுப்பினார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் கஞ்சிக் கோப்பையில் இரும்பு நட்டு ஒன்று கிடந்தது என்று எழுதிய மூன்றாம் நாளே இரண்டு வாகனங்களில் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். 

நான் ஜூட்சன். கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைக்குள்ளே முக்கால் மணிநேரம் மூச்சு வாங்க ஏறினால் வருகிற டன்போர்ட் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆள் இல்லாத நாட்களில் சங்கீதம் எல்லாம் படிப்பிப்பவன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லித் தொலைத்ததால், விசாரணைக் குழுவின் கூட்டக் குறிப்பை எழுத என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எல்லாவற்றையும் முன் வரிசையில் இருந்து பார்த்த பாவி நான்தான்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் பிள்ளைகள் தொண்ணூற்று நாலு பேர். அம்மாமார் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்கு ஓடிவிடுவார்கள். அங்கே பேர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. பிள்ளைகள் ஒரு கோப்பை பாலில்லாத தேயிலைச் சாயத் தண்ணியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்துவிடும். பத்து மணிக்கு நாங்கள் கொடுக்கிற அரிசியும் பயறும் போட்ட கஞ்சிதான் பாதிப் பேருக்கு அன்றைய முதல் சாப்பாடு. அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிறவள் நாகலெட்சுமி. கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீடு ஒன்றில் இருக்கிறாள். தோள் வலி என்று கொழுந்து எடுப்பதை விட்டு இங்கே வந்தவள். அவள் மகள் வினோதா எங்களிடம் நாலாம் ஆண்டு படிக்கிறாள்.

கஞ்சி காய்ச்சுகிற தாய் தன் பிள்ளைக்குக் கடைசியாகத்தான் ஊற்ற வேண்டும். இது சட்டமில்லை, தோட்டத்து நாக்குகளுக்குப் பயந்து வந்த வழக்கம். முதலில் ஊற்றினால், "பாரேன், தன் புள்ளைக்கு மட்டும் பயறா அள்ளிப் போடுறா" என்று குழாயடியில் பேச்சு வந்துவிடும். ஆகவே அன்றைக்கும் வினோதா தொண்ணூற்று நாலாவது ஆளாக நின்றாள். நாகலெட்சுமி அண்டா மாதிரிப் பெரிய கிடாரத்தில் மிஞ்சியதை ஒரு சுற்றுக் கிண்டிவிட்டு, நடுவில் அகப்பையைப் போட்டு அள்ளி ஊற்றினாள். வினோதா குடித்தாள். "கடக்" என்றது. ஒரு பல் கையோடு வந்தது. ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த பால்பல் அது. வினோதாவுக்குச் சந்தோஷம்தான்.

"நட்டுக் கழண்டு விழுந்திருக்கு டீச்சரம்மா, கிடாரத்துக் காதுல, கைப்பிடியில இருந்த நட்டு. நான்தான் ரெண்டு மாசமாச் சொல்றேனே," என்றாள் நாகலெட்சுமி.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் பெற்றீசியா டீச்சர் நல்ல மனுஷி. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதம் இருக்கிற ஒருவருக்கு எல்லாவற்றிலும் பயம் இருக்கும். அவர் அதைப் பதிவேட்டில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பிரதியையும் அனுப்பிவிட்டார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

வந்து இறங்கியவர்கள் பாடசாலைப் போசணை மேற்பார்வைச் சபைக்காரர்கள், அதாவது பிள்ளைகளின் சத்துணவைக் கண்காணிப்பவர்கள். தலைவர் சுதாகரன். சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் சாதாரணமாகப் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர் கேட்பதைக்கூட மேடையில் நின்று கேட்பதுபோல் கேட்பார். முதல் வேலையாகக் கஞ்சிக் கூடத்துக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். பிறகு காலைக் கூட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்து உரையாற்றினார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! உங்கள் வயிறு எங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகையால் விசாரணை முடியும்வரை அந்த வயிற்றுக்குள் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்வோம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு முதல் நாளே பழக்கியிருந்தோம்.

முதல் அமர்வு ஆசிரியர் அறையில். நாகலெட்சுமி வாசற்படியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, "இல்லைங்க, பரவால்லைங்க" என்றாள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றையே: கிடாரத்தின் காதில் இரண்டு நட்டு இருக்க வேண்டும், இப்போது ஒன்றுதான் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

"அம்மா, நட்டு எங்கிருந்து வந்தது என்பதை ஆராய வேறொரு குழு நியமிக்கப்பட வேண்டும்," என்றார் சுதாகரன். "எங்களுக்கு இடப்பட்ட ஆணை, நட்டு எப்படி நகர்ந்தது என்பது மட்டுமே. மேலும் அந்தக் கிடாரம் எங்கள் சபையின் அன்பளிப்பு. என் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அன்பளிப்பைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது தமிழர் பண்பாடு அல்ல."

பிறகு ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். பாடசாலைக் கஞ்சி வலஞ்சுழியாக மாத்திரமே துழாவப்படல் வேண்டும். யார் எப்போது எதற்காக இப்படி எழுதினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் எழுதியாகிவிட்டதே.

"நீங்கள் எந்தப் பக்கமாகத் துழாவினீர்கள்?"

"அதெல்லாம் பாக்கலைங்களே சேர். வலது தோளு வலிச்சா இந்தப் பக்கமாக் கிண்டுவேன். எடது வலிச்சா அந்தப் பக்கமா."

 சுதாகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டு பக்கமும்?"

"ஆமாங்க."

"எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் என்னிடம். "சுழற்சி ஒழுக்கம் அறவே இல்லை."

எழுதிக்கொண்டேன்.

மறுநாள் வெறும் கிடாரத்தை முற்றத்தில் வைத்து, அவளைக் கையில் துடுப்போடு நிறுத்தி, வழக்கம்போல் கிண்டும்படி சொன்னார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் சுற்று எண்ணினார். அரை மணிநேரம் அவள் வெறுங்காற்றைக் கிண்டினாள். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கூடையோடு நின்று பார்த்தார்கள்.

"என்ன சேர் இது, காத்தக் கிண்டச் சொல்றாங்க," என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "எனக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு சாமியாடிய கூட்டிட்டு வரப்போறாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "கஞ்சிக் கூடத்த எப்பங்க தொறப்பாங்க?" என்றாள்.

மூன்றாம் நாள் நிபுணர் வந்தார். கலாநிதி தர்ஷன். இளம் வயது, பிசுபிசுப்பான திரவம் சுழலும்போது அதற்குள் கிடக்கிற திடப்பொருள் எப்படி நகரும் என்பதிலேயே ஒன்பது வருடம் படித்தவர். உலகத்தில் இப்படியும் ஒரு படிப்பா என்று கேட்காதீர்கள், இருக்கிறது, நல்ல படிப்புத்தான். அந்த மனுஷனில் எனக்குக் கோபமில்லை. ஒன்பது வருடத்தில் அவரிடம் ஒருவராவது அதைப் பற்றி ஆவலாகக் கேட்டது இதுதான் முதல் தடவையாம். கண்ணில் அவ்வளவு வெளிச்சம்.

அவருக்குப் பிசுபிசுப்பான திரவம் வேண்டுமாம். தேன் மாதிரித் தடித்து இனிக்கிற கித்துள் பாணி இருபது போத்தல் வந்தது. சைக்கிள் சில்லு ஒன்றைப் படுக்க வைத்து, அதன்மேல் கண்ணாடித் தொட்டியை வைத்து, பாணியை ஊற்றி, நட்டைப் போட்டுச் சுற்றினார். வலமாகப் பத்துத் தடவை, இடமாகப் பத்துத் தடவை. நட்டு சாவகாசமாகத் தொட்டியின் ஓரத்துக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் ஓரத்துக்கே போனது. ஜன்னல் கம்பிக்கு வெளியே பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராக ஏறி நின்று பார்த்தார்கள். அவர்கள் நட்டைப் பார்க்கவில்லை.

"வலம் இடம் என்று வித்தியாசமே இல்லை சேர்," என்றார் தர்ஷன் சந்தோஷமாக. "கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒரே மாதிரித்தான்."

"முடிவுகள் ஒன்றாக இருக்கலாம்," என்றார் சுதாகரன். "நோக்கம் வேறு. இடமாகச் சுற்றியபோது நட்டு குற்ற மனப்பான்மையோடு போயிற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டும்."

பாணி முழுவதையும் சான்றுப்பொருள் என்று மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். மறுநாள் அதில் எறும்பு மொய்த்தது. இந்தத் தோட்டத்தில் எறும்புக்குக்கூடக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஐந்தாம் நாள் காலைக் கூட்டத்தில் நாலு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். கந்தப்பளையிலிருந்து வருகிற டீச்சர் ஒருத்தி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு வாய் ஊட்டினார். நான் ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். "எந்தப் பக்கமாக விழுந்தார்கள் என்று குறித்தீர்களா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நேரம் மேசையைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது. எறியவில்லை. இடமாற்றம் கேட்டு மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறேன், என்ன செய்ய.

அன்று மாலை நாகலெட்சுமி வந்து பெற்றீசியா டீச்சரின் மேசைக்கு முன்னால் நின்றாள். "டீச்சரம்மா, நான் தப்புப் பண்ணியிருந்தா என்னைய நிப்பாட்டிருங்க. கூடத்தத் தொறந்து விடுங்க. லயத்துல புள்ளைங்க பச்சைத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுக்குதுங்க, எனக்குச் சோறு எறங்கமாட்டேங்குது." டீச்சர் அழுதுவிட்டார். அழுத பிறகு, "என் கையில ஒன்னும் இல்ல புள்ள," என்றார்.

ஏழாம் நாள்தான் பெரிய பரிசோதனை. அதே கிடாரம், அதே துடுப்பு, அதே நட்டு, அதே கை. சுற்றறிக்கையில் உள்ள அளவுப்படியே கஞ்சி காய்ச்சி, எல்லோர் முன்னிலையிலும் நட்டைப் போட்டுப் பார்ப்பது. பிசகு வரக்கூடாது என்று அரிசியையும் பயறையும் சபையே தன் வாகனத்தில், தன் தராசில் நிறுத்துக் கொண்டுவந்தது.

நாகலெட்சுமி மூட்டையைத் தூக்கப் போனாள். தூக்க முடியவில்லை. இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்தாள்.

"இது எத்தனை நாளைக்குங்க சேர்?"

"ஒரு நாளைக்கு. பன்னிரண்டு கிலோ. சுற்றறிக்கையை நீங்கள் வாசித்ததே இல்லையா?"

"நமக்கு நாலு கிலோதானே வரும்," என்றாள். யாரிடமும் முறையிடுகிற குரலில் சொல்லவில்லை. மழை வருது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சுதாகரன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கஞ்சி கொதித்தது. அப்படி ஒரு கஞ்சியை எங்கள் பள்ளிக்கூடம் அதுவரை கண்டதில்லை. துடுப்பை நட்டால் நட்டபடி நின்றது. வாசம் வகுப்புக்குள்ளெல்லாம் போய்ப் பெருக்கல் வாய்ப்பாடு பாதியில் நின்றது. தர்ஷன் கிடாரத்தின் காதுப் பக்கமாக நட்டைப் போட்டார். நாகலெட்சுமி வலமாகக் கிண்டினாள். நட்டு பயறுக்குள் சொருகிக்கொண்டு, துடுப்பு இழுத்த இழுப்புக்கு ஓரத்திலேயே சுற்றியது. அடிக்குப் போகவில்லை. நடுவுக்கும் போகவில்லை. இடமாகக் கிண்டினாள். அதே கதை. பத்துத் தடவை போட்டுப் பத்துத் தடவையும் அகப்பையால் ஓரத்திலிருந்து எடுத்தார்கள். அவள் இரண்டு தோளும் நடுங்கின.

"விசித்திரம்," என்றார் சுதாகரன். "சம்பவத்தன்று நட்டு நடு அடியிலிருந்து வந்ததாகத்தானே வாக்குமூலம்?"

"ஆமாங்க. அது எப்புடிங்க இன்னைக்கு நடுவுல போகும்?" என்றாள் நாகலெட்சுமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "தேத்தண்ணிக் கோப்பையில கிண்டி விட்டா, தூளெல்லாம் அடியில நடுவுல வந்து குமியுதுல்ல? தண்ணியா இருந்தாத்தான் அப்புடி வரும். களியில கிண்டிப் பாருங்க, கெடந்த எடத்துலயே கெடக்கும். இந்த மாதிரிக் கஞ்சியா இருந்திருந்தா நட்டு மேலாக்கவே கெடந்து, முதப் பத்துப் புள்ளைங்க கோப்பையிலயே வந்திருக்கும். நானும் பாத்து எடுத்துப் போட்டிருப்பேன். அன்னைக்கு அது தண்ணிங்க சேர். தண்ணி."

தர்ஷன் துள்ளிக் குதித்தார். "ஆகா! அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி! இவ்வளவு நாளும் நாம் திசையைத் தேடினோம். தேட வேண்டியது பிசுக்குமை! நட்டு நடுவில் கிடந்ததை வைத்தே அன்றைக்குக் கஞ்சி எவ்வளவு தண்ணீராக இருந்தது என்று கணக்குப் போடலாம். அதை வைத்து எவ்வளவு அரிசி போட்டார்கள் என்பதையும்..." சோக்கட்டியைப் பறித்துக்கொண்டு கரும்பலகைக்கு ஓடினார். ஒரு பலகை முழுக்க எழுதினார். கடைசியில் ஒரு விடை வந்தது. நாலு கிலோ. அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார், பரிசு வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி.

யாரும் கைதட்டவில்லை. மீதி எட்டுக் கிலோ எங்கே என்று கரும்பலகையும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"கலாநிதி," என்றார் சுதாகரன் சாந்தமாக. "வாருங்கள், ஒரு தேநீர் அருந்துவோம்."

பத்து நிமிடம் வாகனத்துக்குள் அருந்தினார்கள். திரும்பி வந்த தர்ஷன் கரும்பலகையைத் தானே அழித்தார். "அரிசி என்பது என் துறைக்குள் வராத ஒரு மாறி," என்றார் யாரையும் பார்க்காமல். கண்ணில் இருந்த வெளிச்சத்தைக் காணவில்லை.

"இந்தக் கஞ்சி சான்றுப்பொருள்," என்று சுதாகரன் அறிவித்தார். "விதிப்படி குழி தோண்டிப் புதைக்கப்பட வேண்டும்."

அப்போதுதான் பார்த்தேன், பிள்ளைகள் ஒருவரும் சொல்லாமலே கோப்பையோடு வரிசையில் நின்றார்கள். தொண்ணூற்று நாலு பேர். 

நாகலெட்சுமி அகப்பையை எடுத்தாள். "பொதைக்கிறதுதானே சேர்? வயித்துல பொதைச்சுக்கிறோம்," என்று சொல்லி முதல் கோப்பைக்கு ஊற்றினாள். தடுக்கப் போன சபைக்காரர் ஒருவர் பாதி வழியில் நின்றுவிட்டார். பிள்ளைகள் இரண்டு தடவை குடித்தார்கள். சிலர் மூன்று. கடைசியாக வினோதாவுக்கு ஊற்றியபோதும் கிடாரத்தில் மிச்சம் இருந்தது. சுதாகரன் சற்று நேரம் யோசித்துவிட்டு என்னை எழுதச் சொன்னார்: சான்றுப்பொருள் மாணவர்களின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அறிக்கை முடிக்கிற நாள். நாகலெட்சுமியைக் கூப்பிட்டு, முதல் தடவையாகக் கதிரையில் உட்கார வைத்தார்கள்.

"இரண்டு வழி இருக்கிறது அம்மா," என்றார் சுதாகரன். "நீங்கள் இடமாகக் கிண்டியதால்தான் நட்டு நடுவுக்குப் போயிற்று என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் விடயம் இன்றே முடியும். திங்கட்கிழமை கூடம் திறக்கும். இல்லையென்றால் உயர்மட்டக் குழு அமைக்க வேண்டும். அது கூடுவதற்கு இரண்டு பள்ளித் தவணை ஆகும். பிள்ளைகள் பாவம். நான் பிள்ளைகளுக்காகத்தான் பேசுகிறேன்."

"கையெழுத்துப் போட்டா எனக்கு வேலை இல்லைங்களா?"

"சுழற்சி ஒழுக்கம் இல்லாத ஒருவரை எப்படி வைத்திருப்பது?"

அவள் என்னைப் பார்த்தாள். "சேர், நீங்க விஞ்ஞானம் படிச்சவங்க. எடப்பக்கம் கிண்டுனதாலயா போச்சு?"

இல்லை என்று எனக்குத் தெரியும். கரும்பலகையில் கண்ணால் பார்த்தேன். நான் பேனா மூடியைக் கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டி இருந்தேன்.  இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கெழமை கஞ்சி நிச்சயமா உண்டுங்களா?"

"நிச்சயம்."

"அரிசி?"

"சுற்றறிக்கைப்படி."

"நேத்துப் போட்ட மாதிரியே?"

"சுற்றறிக்கைப்படி என்றேனே அம்மா."

"அப்ப சரிங்க," என்று கையெழுத்துப் போட்டாள். மேலே உள்ள வாசகம் என் கையெழுத்தில் இருந்தது. மிக அழகாக இருக்கிறது என்று சுதாகரன் பாராட்டினார்.

திங்கட்கிழமை கூடம் திறந்தது. அந்த விஷயத்தில் அவர் வாக்குத் தவறவில்லை. கிடாரத்தின் விளிம்பைச் சுற்றி வலப்பக்கமாக ஒரு சிவப்பு அம்புக்குறி தீட்டியிருந்தார்கள். புதிதாக வந்த பெண் அம்பைப் பார்த்துப் பார்த்துக் கவனமாகக் கிண்டினாள். காதில் காணாமல்போன நட்டின் இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. மூட்டையை அவள் ஒற்றைக் கையால் தூக்கி வந்ததைப் பார்த்தேன். நான் வகுப்புக்குள் போய்விட்டேன்.

மாலையில் பஸ்ஸுக்கு இறங்கும்போது, கீழ்ப் பிரிவுத் தேயிலைக்குள் நாகலெட்சுமி கூடையோடு நின்றாள். மறுபடியும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டாளாம். அந்தத் தோளோடு. கூடைக் கயிற்றுக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தாள். பேசாமல் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் வினோதா புத்தகப் பையோடு என்னைத் தாண்டி அம்மாவிடம் ஓடினாள்.

"கஞ்சி குடுத்தாங்களாடி?" என்று கேட்டாள் நாகலெட்சுமி. கை கொழுந்தை விடவில்லை.

"குடுத்தாங்கம்மா. எல்லாருக்கும் குடுத்தாங்க."

"எப்புடி இருந்துச்சு? கட்டியா?"

வினோதா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்குச் சந்தோஷமான சேதி சொல்வதுபோல் சொன்னாள்:

"இனிமே பயமில்லம்மா. நட்டு விழுந்தாக்கூட மேலேருந்து பாத்தாலே அடியில கெடக்குறது தெரியும்."